யோகபாதத்தில் ஆதனமும் பிராணாயாமமும்

சைவாகமங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்பாதமாக வகுக்கப்பட்டன என்பதும், அவற்றுள் யோகம் மூன்றாவதாக நிற்பது என்பதும் இவ்விதழைப் பயிலும் மெய்யன்பர்கட்குப் புதிய செய்தியல்ல. ஆயினும் அந்த யோகத்தின் உறுப்புக்களாகிய இருக்கையையும் மூச்சுப் பயிற்சியையும் நம் முன்னோர் எவ்வாறு, எவ்வளவு பயின்றனர் என்னும் வரலாறு நம்மிற் பலர்க்குத் தெளிவாயில்லை. அதனால் இருவகைப் பிழைகள் நம்மிடை உலவுகின்றன. ஒருசாரார், இந்நாளில் ஊர்தோறும் கற்பிக்கப்படும் ஆதனங்கள் அனைத்தும் திருமூலநாயனார் அருளியனவே என்று மேடைகளில் முழங்குகின்றனர். மற்றொருசாரார், மூச்சை அடக்குந் தொழில் சைவனுக்கு எற்றுக்கு, பூசையும் தோத்திரமும் அமையாவோ என்று வினவுகின்றனர். இவ்விரு கூற்றும் நூல்களோடு பொருந்துமாறில்லை. முன்னையது நம் நாயனாரைப் பெருமைப்படுத்தும் விருப்பத்தாற் பிறந்தது. ஆயினும் உண்மையல்லாத பெருமை அவர்க்கு வேண்டுவதன்று.

முதலில் ஆதனத்தை நோக்குவோம். பதஞ்சலி முனிவரது யோகசூத்திரம் கி.பி. 400-ஐ அடுத்த காலத்தில் இயற்றப்பட்டதென்பது இக்கால ஆராய்ச்சியாளர் பலரது துணிபு. அந்நூலில் ஆதனத்தைப் பற்றிய சூத்திரங்கள் மூன்றே. நிலையாகவும் இனிதாகவும் இருத்தலே ஆதனம் என்பது அவற்றின் முதற்கருத்து. ஆதனங்களின் பெயர் ஒன்றேனும் சூத்திரத்தில் இல்லை. பதுமம், வீரம், பத்திரம், சுவத்திகம், தண்டம் முதலிய பெயர்களை வியாசர் பெயரால் வழங்கும் பாடியமே எடுத்துரைக்கின்றது. அவை பெரும்பாலும் அமர்ந்திருக்கும் நிலைகள். நெடும்பொழுது அசையாதிருந்து உள்ளத்தை ஒருவழிப்படுத்தற்கு ஏற்ற இருக்கை எதுவோ அதுவே வேண்டப்பட்டது.

இனித் திருமந்திரம். ஒன்பது தந்திரங்களையுடைய அப்பெருநூலின் மூன்றாந் தந்திரம் அட்டாங்கயோகத்தை விரிப்பது. அதன்கண் ஆதனம் என்னும் பகுதியில் வழக்கிலுள்ள பதிப்புக்களில் ஆறு செய்யுட்களே காணப்படுகின்றன. பிராணாயாமத்திற்கோ பதினான்கு செய்யுட்கள். நாயனார் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, சொத்திரம், வீரம், சுகாதனம் என ஏழினைப் பெயர் கூறி, நூற்றுக்கு மேற்பட்ட பிறவும் உள என்று தொகையாற் சுட்டி விடுத்தார். பங்கயம், பத்திரம், சிங்கம் ஆகியவற்றை இயற்றுமாறும் தனித்தனியே கூறினார். ஏழனுள் எண்ணப்படாத குக்குடம் ஒன்றையும், முழங்கைமேல் உடலை ஏற்றித் துளங்காதிருக்கும் நிலையாக, உடன் விளக்கினார். நின்று செய்வனவும், தலைகீழாக நிற்பனவும், ஞாயிற்றை நோக்கி வணங்கி வரிசையாக இயற்றுவனவும் அப்பகுதியில் இல்லை. ஏடு பார்த்து எவரும் இதனை அறியலாம். நூற்றுக்கு மேல் என்ற தொகைக்குள் இவையும் அடங்கும் என்று வாதிடுவார் உளர். அத்தொகைக்குள் எதனையும் அடக்கலாம். ஆதலால் அது சான்றாகாது.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. யோகத்திற்கு எட்டு உறுப்பென்பதே யாண்டும் வழங்கிய கணக்கன்று. மைத்திராயணி உபநிடதம் பிராணாயாமம், பிரத்தியாகாரம், தியானம், தாரணை, தருக்கம், சமாதி என ஆறே கூறும். மதங்க பாரமேசுவரம் முதலிய ஆகமங்களின் யோகபாதத்திலும் ஆறங்க முறையே காணப்படுகின்றது. மிருகேந்திரம் செபத்தையும் உறுப்பாகச் சேர்த்து எண்ணும். இக்கணக்குக்களில் ஆதனம் தனி உறுப்பாக நிற்பதில்லை. அமர்ந்த பின்னரே யோகம் தொடங்குகின்றதாதலின் அமர்தலைத் தனியே எண்ண வேண்டாமையாயிற்று போலும். அன்றியும் ஆராய்ச்சி செய்வதாகிய தருக்கத்தை யோகத்தின் உறுப்பாக வைத்த நுட்பம் சைவர்க்கு மிக உரியது. இன்னது கொள்ளத்தக்கது, இன்னது தள்ளத்தக்கது என்று ஓர்ந்தறியாது மூச்சை மட்டும் அடக்குபவனை நம் ஆகமங்கள் யோகியாகக் கொண்டில.

அமராத நிலைகள் பல பெருகிய வரலாறு பிற்காலத்தது. சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை 15-ஆம் நூற்றாண்டினது. அதில் பதினைந்து ஆதனங்கள் அளவிலேயே விளக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சித்தம், பதுமம், சிங்கம், பத்திரம் என்னும் நான்கே சிறந்தனவாக அதன் ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பின்னதாகிய கேரண்ட சங்கிதை முப்பத்திரண்டு கூறும். விசயநகரத் தலைநகராகிய அம்பியின் கோயிற்றூண்களில் உடலை முறுக்கியும் வளைத்தும் நிற்கும் யோகியரின் சிற்பங்கள் 16-ஆம் நூற்றாண்டில் அமைந்தன. நம் விமானங்களின் தென்புறத்து எழுந்தருளியிருக்கும் யோக தட்சிணாமூர்த்தி வடிவங்களையோ பாருங்கள்: கால்களைச் சேர்த்து யோகபட்டம் கட்டி அசைவின்றி அமர்ந்த திருக்கோலமே அங்கு உண்டு. கல்லே இவ்வேறுபாட்டிற்குச் சான்று கூறுகின்றது.

இந்நாளிற் பெருவழக்காயுள்ள பயிற்சி உருவானது கடந்த நூற்றாண்டில். 1896-இல் வெளிவந்த விவேகானந்த அடிகளது இராசயோகம் உடற்பயிற்சியாகிய அடயோகத்தைப் பெரிதும் மதித்ததன்று. 1924-இல் குவலயானந்தர் உலோணாவளையில் கைவல்லியதாமத்தை நிறுவி, ஆதனங்களையும் கிரியைகளையும் மருத்துவ முறையில் ஆராயத் தொடங்கினார். அந்நாள்களிலேயே மராட்டிய நாட்டு ஔந்து அரசர் சூரிய நமக்காரத்தைப் பயிற்சியாகப் பரப்பினார். மைசூரில் நாலாம் கிருட்டிணராச உடையார் ஆதரவில் கிருட்டிணமாசாரியர் 1930-களில் யோகசாலை நடாத்தி, மூச்சோடு இயைந்து தொடர்ந்து செல்லும் ஆதன வரிசைகளை இளைஞர்க்குக் கற்பித்தார். அவர்தம் மாணாக்கராகிய ஐயங்கார், பட்டாபி சோயிசர் முதலியோரால் அது உலகெங்கும் பரவிற்று. ஐக்கிய நாடுகள் அவை சூன் 21-ஐ யோக நாளாக 2014-இல் அறிவித்தமை யாவரும் அறிவர். இவையனைத்தும் நல்ல தொண்டே. முதுகுநோயும் உறக்கமின்மையும் தீர்ந்தார் பலரை யான் கண்டுள்ளேன். ஆயின் ஒரு நூற்றாண்டுக்குள் உருப்பெற்றதொன்றனை அந்நூற்றாண்டினது என்று கூறுதலில் நமக்கு இழுக்கு யாது?

பிராணாயாமத்தின் வரலாறு இதனின் வேறாயிற்று. அது நம்மிடத்து ஒருபொழுதும் அற்றுப்போனதன்று. சைவ தீக்கை பெற்றார் ஒவ்வொருவரது நாட்கடனுள்ளும் அது புகுந்து நின்றது. 11-ஆம் நூற்றாண்டின் சோமசம்பு பத்ததியும் 12-ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியர் இயற்றிய கிரியாக்கிரமத் தியோதிகையும் நித்திய கருமங்களை விதிக்குமிடத்து, சந்தியாவந்தனத்திலும் பூதசுத்தியிலும் பூரகம், கும்பகம், இரேசகம் ஆகிய மூன்றனையும் வைத்துள்ளன. சுழுமுனை வழியே உயிரைத் துவாதசாந்தத்திற் சேர்த்து, ஐம்பூதங்களையும் ஒன்றனை ஒன்றால் ஒடுக்கித் தூய்மை செய்து, மீட்டும் நிலைநிறுத்திய பின்னரே சிவபூசை தொடங்கும். ஆகவே கிரியை வேறு, யோகம் வேறு என்று சுவரெடுத்துப் பிரித்தல் பொருந்தாது. பூசை அமையுமே என்பார் தாம் செய்யும் பூசைக்குள்ளேயே யோகம் இருத்தலை மறந்தவராவர். மறப்பதற்குக் காரணமும் உண்டு. இந்நாளில் மூன்று விரல்களை மூக்கின்மேல் வைத்தெடுப்பதே பிராணாயாமமாகச் சுருங்கிவிட்டது. விரல் மட்டும் சென்று வருகின்றது. மூச்சு தன் போக்கிலேயே இயங்குகின்றது.

திருமூலர் அளவு கூறியிருக்கின்றார். இடப்பக்க நாசியால் பதினாறு மாத்திரை பூரித்து, அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை விடுதல் அது. யோகதத்துவ உபநிடதமும் இவ்வெண்களையே தரும். மாத்திரையாவது யாது? எழுத்திலக்கணம் பயின்றார்க்கு அது கண்ணிமைப்பொழுது அல்லது கைந்நொடிப்பொழுது. யோகநூலார் முழந்தாளைக் கையால் விரைவும் தாழ்வுமின்றி ஒருமுறை சுற்றிக் கைந்நொடிக்கும் பொழுதென்பர். அஃது இலக்கணத்தார் மாத்திரையினும் நீண்டது. ஒரு மாத்திரையை ஒரு விநாடியெனக் கொள்ளினும், ஒரு சுற்றுக்கு 112 விநாடியும், அவற்றுள் மூச்சை நிறுத்துவதற்கே 64 விநாடியும் ஆகின்றன. இது முதனாளில் இயலுவதன்று. நாயனாரும் மூச்சினைக் குதிரையாக உருவகித்து, மெய்யர்க்கு அது பற்றுக்கோடாகும், பொய்யரைத் துள்ளி வீழ்த்தும் என்ற கருத்துப்பட எச்சரித்துள்ளார்.

அக்குதிரை என்னையும் ஒருமுறை வீழ்த்திற்று. மடத்திற் பயின்ற காலத்தில், மூன்றாந் தந்திரத்தைப் பாடங்கேட்ட மறுநாளே, ஒருவர்க்கும் கூறாது வைகறையில் அமர்ந்து அறுபத்துநான்கு எண்ணப் புகுந்தேன். நாற்பதைக் கடக்குமுன் கண் இருண்டு, அருகிருந்த செம்பின்மேற் சாய்ந்தேன். ஓசை கேட்டு வந்த ஆசிரியர் முதலிற் சினந்தார், பின்னர், "நூல் சொன்னது மலையின் உச்சி, தம்பி. நீ அடிவாரத்துப் படியைத் தேடாமல் உச்சியிற் காலை வைத்தாய்" என்றார். நூலில் எண் இருந்தது. எண்ணுக்கு முன்னர்ச் செய்ய வேண்டுவது அவரிடம் இருந்தது. தீக்கையும் குருவும் ஏன் விதிக்கப்பட்டன என்பதை அன்று ஒருவாறு உணர்ந்தேன்.

சித்தாந்த சாத்திரங்கள் யோகத்திற்கு அளித்த இடத்தையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் எட்டாஞ் சூத்திரத்தில் யோகத்தைத் தோழமை நெறியாகிய சகமார்க்கமாக வைத்து, அதன் பயன் சாரூபம் என்றார். தோழன் என்பவன் உடன் அமர்தற்குரியவன்; ஆயினும் இரண்டறக் கலத்தலாகிய சாயுச்சியம் ஞானத்திற்கே உரியது. ஆதலின் யோகத்தையே முடிந்த முடிபாகக் கொள்ளுதலும் நம் கொள்கையன்று, அதனை ஒழித்துவிடுதலும் நம் கொள்கையன்று. தோழமை நெறிக்கு எடுத்துக்காட்டாக நம்மவர் கூறும் சுந்தரமூர்த்தி சுவாமிகளிடத்து ஆதனத்தையும் கும்பகத்தையும் தேடுவார்க்கு அவை கிடைப்பதரிது. தூது போம்படி இறைவனை ஏவும் உரிமை கிடைக்கும். யோகத்தின் உட்பொருள் அவ்வுரிமையே எனச் சான்றோர் கொண்டனர்.

என் ஆசிரியர் பின்னர்க் கற்பித்த முறை மிக எளியது. முதுகு வளையாமல் சுகாதனத்தில் இருத்தல்; சில திங்கள்வரை மூச்சை நிறுத்தாது, ஐந்தெழுத்தை ஒருமுறை எண்ணி உள்ளிழுத்து, இருமுறை எண்ணி வெளிவிடுதல்; சந்தியாவந்தனத்தில் மும்முறை, அதற்குமேல் இல்லை. நிறுத்துதலை அவர் தொடங்கிவைத்தது மறுவாண்டு மார்கழியில்.