ஆறே முக்கால் லட்சம் கோடியின் காரணிகள்

நம்மூர்த் தறி வீடுகளில் 240 கொக்கி ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கரையில் வரும் பூவின் அகலம் 16 கொக்கியானாலும், 20 ஆனாலும், 24 ஆனாலும் 240-ல் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். காரணம், 240-க்கு 20 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்திவிடும் எண்ணை 'மிகு பகு எண்' என்று சொல்லலாம். 12, 24, 120, 360 எல்லாம் இந்த ஜாதிதான்.

இவற்றை முறையாக ஆராய்ந்தவர் சீனிவாச ராமானுஜன். அவர் தந்தை கும்பகோணத்தில் புடவைக்கடை குமாஸ்தா. தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். அதனால் சிறு பிள்ளையாக ராமானுஜன் கொஞ்ச காலம் நம்மூரில் இருந்திருக்கிறார். (நம்மில் பல பேருக்கு இது தெரியாது!) கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேறாமல் போனவர். அப்பேர்ப்பட்டவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எதற்காக? 1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் வந்த மிகு பகு எண்கள் பற்றிய கட்டுரைக்காக. அறுபது பக்கத்துக்கு மேல் நீளும் அந்தக் கட்டுரையும் முழுமையானதல்ல. சங்கத்தின் பண நெருக்கடியால் ஒரு பகுதி அச்சாகாமல் நின்று, 1997-ல்தான் ஆய்விதழில் வெளிவந்தது.

அதில் உள்ள பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. இதைப் பகா எண்களாகப் பிரித்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10,080 காரணிகள்! எண்ணிக்கைகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். மிகு பகு எண்களில் அது ஏறவே ஏறாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். 4-ம் 36-ம் மட்டும் விலக்கு. இதையெல்லாம் ராமானுஜன் நிரூபித்துக் காட்டினார்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் 102 எண்கள். விட்டுப்போனது ஒன்றே ஒன்று: 2,93,31,86,25,600. வேடிக்கை என்னவென்றால், அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடுகிறது. மாணவத் தம்பி தங்கைகள் கையாலேயே பெருக்கிப் பார்க்கலாம்.

சரி, இவை பணக்கார எண்கள். சாதாரண எண்களின் கதி என்ன? 1917-ல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து அதற்கும் விடை சொன்னார்கள். ஓர் எண்ணின் மடக்கைக்கு மறுபடியும் மடக்கை எடுத்தால் (இயல் மடக்கை) வருவதுதான், பெரும்பாலான எண்களுக்கு, வெவ்வேறு பகாக் காரணிகளின் ஏறத்தாழ எண்ணிக்கை. ஆறே முக்கால் லட்சம் கோடி அளவுள்ள எண்ணுக்கு அது மூன்று, நான்குதான்; ராமானுஜன் எண்ணுக்கோ ஒன்பது. 250 இலக்க எண்ணுக்கே ஆறு சொச்சம்தான் வருகிறது. எண் பெருக்கிற வேகத்தில் பகாக் காரணிகளும் பெருகும் என்று நினைப்பதற்கு இடமே இல்லை; அவை மிக மிக மெதுவாகத்தான் கூடுகின்றன.

என்னைப் போன்ற எஞ்சினியர்களுக்கு இன்று சோறு போடுவது பரம ஏழை எண்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்டுபிடித்த ஆர்.எஸ்.ஏ. பூட்டில் இருப்பது இரண்டே பகா எண்களின் பெருக்கல். அவற்றைப் பெருக்க ஒரு நொடி போதும். திரும்பப் பிரிப்பதுதான் பெரும்பாடு. அவர்கள் சவாலாக விட்ட 129 இலக்க எண்ணைப் பிரிக்க 1994 ஆகிவிட்டது, அதுவும் சுமார் 600 தன்னார்வலர்கள் கணினிகளைச் சேர்த்துக் கொடுத்து. 250 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண் ஒன்றை 2020-ல் உடைத்தார்கள். உள்ளே இருந்தவை 125 இலக்கத்தில் இரண்டு பகா எண்கள். ஒற்றைக் கணினி உள்ளகத்துக்கு அது சுமார் 2,700 வருஷ வேலை.