ஓர் அப்பா எழுதிய விளையாட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் பீரியட் முடிந்தும் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் கைப்பேசியில் ஒரு விளையாட்டு அனுப்பினான். அவனுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. "இரவு மணி 2. குழந்தை வீரிட்டு அழுகிறது. நீங்கள் புது அப்பா. என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறது. தூங்குவதுபோல் நடிக்கலாம், மாமியாரை எழுப்பலாம், குழந்தையை எடுக்கலாம். நான் மாமியாரை எழுப்பினேன். "மாமியார் பார்த்த பார்வையில் நீங்களும் அழ ஆரம்பித்துவிட்டீர்கள். இப்போது வீட்டில் இரண்டு குழந்தைகள். மறுபடி முதலிலிருந்து" என்று வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

வரலாற்று வாத்தியாருக்கு எதைப் பார்த்தாலும் இதற்கு முன்னால் என்ன இருந்தது என்றுதான் புத்தி போகும். தேடிப் படித்தேன். இந்த வகை எழுத்து விளையாட்டுக்கு வழி போட்டவரே ஓர் அப்பாதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிபிஎன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர் வில்லியம் கிரவுதர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருக்கும் மனைவி பட்ரீசியாவுக்கும் குகை என்றால் உயிர். கென்டக்கி மாநிலத்தில் மண்ணுக்கடியில் தவழ்ந்து போய், அளந்து, வரைபடம் போடுவார்கள். 1972 செப்டம்பரில் அங்குள்ள பிளின்ட் ரிட்ஜ் குகையும் மேமத் குகையும் உள்ளுக்குள் ஒன்று சேர்வதைக் கண்டுபிடித்த குழுவில் பட்ரீசியா இருந்தார். உலகிலேயே மிக நீளமான குகை அதுதான்.

பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். முன்போல் அவர்களோடு இருக்க முடியவில்லையே என்ற ஏக்கம் கிரவுதருக்கு. 1975, 76 வாக்கில் பிடிபி-10 என்ற கணினியில், ஃபோர்ட்ரான் மொழியில், தான் தவழ்ந்த குகையையே எழுத்தால் கட்டினார். நீ இப்போது இந்த இடத்தில் நிற்கிறாய், என்ன செய்யப்போகிறாய் என்று கணினி கேட்கும். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பதுபோல் இரண்டே சொல்லில் பதில் தட்டலாம். கணினி தெரியாதவர்கள் மிரளக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். விளையாட்டுக்குப் பெயர் 'அட்வெஞ்சர்'. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அவரிடம் அனுமதி வாங்கி அதை விரிவாக்கினார். 1977இல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

கேள்வி கேட்டு ஆளை மறுபடி மறுபடி நடக்கவைக்கும் கதை நமக்குப் புதிதில்லை. வேதாளம் கதை சொல்லும், கேள்வி போடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறு. சரியாகச் சொன்னாலோ வேதாளம் திரும்பவும் முருங்கை மரத்தில். (இதைவிடப் புது அப்பாவின் இராத்திரியைச் சரியாகச் சொல்ல முடியாது. தட்டித் தட்டித் தூங்கவைத்துத் தூளியில் போட்ட அடுத்த நிமிடம் கண்ணைத் திறக்கும்.) கடைசிக் கேள்வி நினைவிருக்கிறதா? மகளை ஓர் அப்பா கட்டுகிறார். அவள் தாயை அந்த அப்பாவின் மகன் கட்டுகிறான். இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அத்தனை கேள்விக்கும் பதில் சொன்ன ராஜா, பிள்ளை பிறந்த இந்தக் கணக்கில்தான் வாயடைத்துப் போகிறான்.

நம் பக்கத்து அப்பாக்களும் வாயடைத்தவர்கள்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். புருஷன் விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வருவான். பெரியவர்கள் முன்னால் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது வெட்கங்கெட்ட வேலை. என் மூத்த மகள் பிறந்தது 1983இல், ராசிபுரத்தில், மாமனார் வீட்டில். மூன்றாம் நாள் போனேன். மாமியார் துணியில் சுற்றிக் கொண்டுவந்து "பிடிங்க மாப்பிள்ளை" என்றார். திண்ணையில் என் அய்யன் உட்கார்ந்திருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கூச்சம் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பிறந்தது பெண் என்பதால் கையை நீட்டாதவர்களும் இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992இல் முதலில் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுப் போங்கள் என்று அரசாங்கமே கெஞ்ச வேண்டியிருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்று. ஆகவே இது அவர்கள் கதை என்று நாம் யாரும் ஒதுங்க முடியாது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். தமிழ்நாட்டுச் சராசரி 942. 2011இல் சேலத்தின் எண் 916 ஆக ஏறியது.

அந்த நாளில் எல்லோரும் தாயைப் பற்றித்தான் பேசினோம், பெற்ற வயிறா இது என்று. அந்தக் குழந்தையின் அப்பா அந்நேரம் எங்கே இருந்தார் என்று நான் வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. அப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள்.

அதே 1997இல்தான் மத்திய அரசு தன் ஆண் ஊழியர்களுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு என்று ஆணை போட்டது, இரண்டு குழந்தை வரைக்கும். பதினைந்து நாளில் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ளலாம். தூங்கவைக்க முடியுமா தெரியவில்லை.

நேற்று இராத்திரி மறுபடி விளையாடினேன். இந்த முறை 'குழந்தையை எடுக்கலாம்' என்பதை அமுக்கினேன். விடவில்லை. "எந்தக் கை எங்கே?" என்று அடுத்த கேள்வி. வீட்டுக்காரி பக்கத்தில் தலையணையை எடுத்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துக் காட்டினாள். அப்படியே தட்டினேன். குழந்தை தூங்கிவிட்டது. விளையாட்டில்தான்.

மூத்த மகளுக்கும் அதை அனுப்பி, 1983ஆம் வருஷத்து பஸ் கதையையும் எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.