பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

பத்திரிகையில் நான் இரவுப் பணியில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து வாசகர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எது சரி, வாக்கியமா, திருக்கணிதமா?" கொக்குவிலிலிருந்து வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலிலிருந்து திருக்கணித பஞ்சாங்கமும் வெளிவரும் மண் அது. புத்தாண்டு பிறக்கும் நேரமும், சில வேளைகளில் விரத நாளுமே வேறுபடும். நாங்கள் இரண்டையும் அச்சிட்டுத் தப்பித்துக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற பின்னர் இதன் வேரைத் தேடினேன். அது என்னை ஓர் எண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது: 16,00,984.

கலியுகம் தொடங்கியதிலிருந்து கடந்த நாள்களை எண்ணி, அதிலிருந்து இவ்வெண்ணைக் கழிப்பதே தமிழ் வாக்கிய முறையில் சந்திர கணிதத்தின் முதற்படி. மிச்சத்தை 12,372ஆலும், அதன் மிச்சத்தை 3,031ஆலும், பின்னர் 248ஆலும் வகுப்பர். இறுதி மிச்சம், மனப்பாடமான 248 வாக்கியங்களில் எதை எடுப்பது என்று சொல்லும். சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனை அடைய ஏறத்தாழ 27.5546 நாள்கள் ஆகும். அத்தகைய 9 சுற்றுகள் 248 நாள்கள். 110 சுற்றுகள் 3,031. 449 சுற்றுகள் 12,372. பிழை மிகச் சிறிது.

எண்களையும் சொற்களாக்கி மனத்தில் வைத்தனர். 3,031க்குப் பெயர் 'கலாநிலம்'. கடபயாதி முறையில் க ஒன்று, ல மூன்று, நி சுழி, ல மூன்று. வலமிருந்து வாசியுங்கள்.

ஆனால் 16,00,984 சந்திரச் சுற்று அன்று. அதன் பகாக் காரணிகள் 2, 2, 2, 7, 11, 23, 113. ஏழால் மீதமின்றி வகுபடுவதால், வெள்ளிக்கிழமை தொடங்கிய கலியிலிருந்து அத்தனை நாள் கழிந்தால் மீண்டும் வெள்ளிக்கிழமையே வரும். கணக்கிட்டுப் பார்த்தேன்: கி.பி. 1282 மே 22. நாலாயிரம் ஆண்டுச் சுமையை இறக்கிவைத்து, சந்திரன் தொலைவுப் புள்ளியில் நின்ற ஒரு நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

1825இல் ஜோன் வாரன் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, ஏடு பாராமலே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்தார். தொடக்க நேரத்தில் பிழை நான்கே நிமிடம். முடிவிலோ ஐம்பது நிமிடத்துக்கு மேல். நான்கு ஆண்டுகளின் பின், 1829 மார்ச்சில், வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவர், விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தின் கிரகண நேரத்தோடு தம் கணிப்பை ஒப்பிட்டுக் காட்டினார். மதப் போட்டியாகவே அது நினைவில் நின்றது. எண்கள் சொன்னது வேறு: காலம் செல்லச் செல்லச் சிறு பிழையும் சேரும், இடையிடையே திருத்த வேண்டும்.

இன்று யாரேனும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் இதையே சொல்வேன். திருத்துவது மரபுக்குத் துரோகம் அன்று. 1282ஐத் தொடக்கமாகத் தேர்ந்தவர்களும் ஒரு திருத்தத்தையே செய்தார்கள்.