நீலமலையின் தூண்டிற் கழகம்

கோடை விடுமுறையில் தாயகம் செல்லும் நம் குடும்பங்களுள் உதகமண்டலம் காணாதவை மிகச் சிலவே. ஏரியில் படகோட்டமும் தாவரப் பூங்காவும் தொட்டபெட்டாவும் நம் பிள்ளைகளுக்கும் பழகியவை. ஆயின் ஊருக்கு மேற்கே, எமரால்டு, அவலாஞ்சி, முக்குருத்தி எனப் பரந்து கிடக்கும் புல்வெளிகளின் இடையே ஓடும் சிற்றோடைகளை நாடிச் செல்வோர் அரியர். அவ்வோடைகளுக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்தைப் பேண ஒரு சங்கம் நூறாண்டுக்கு மேலாக உழைத்தது. அச்சங்கத்தின் வரலாறு ஓரளவு நீலமலையின் வரலாறே ஆதலின், அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

முதலில் அம்மீன்பிடிப்பு எத்தகையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் குளத்தங்கரையில் மண்புழுவை முள்ளில் கோத்து, மிதவையை நோக்கிக் காத்திருப்பது ஒரு வகை. ஆங்கிலேயர் போற்றிய வகை வேறு. குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் என்னும் மீன் நீர்மேல் வந்தமரும் ஈக்களையும் பூச்சிகளையும் உண்டு வாழ்வது. அவ்வீக்களைப் போன்றே இறகு, மயிர், பட்டுநூல் ஆகியவற்றால் முள்ளின் மீது ஒரு பொய் ஈயைக் கட்டி, வளையும் மெல்லிய கோலால் கயிற்றை வீசி, மெய்யான ஈ விழுந்தாற்போல் நீரில் விழச் செய்வதே இக்கலை. பொய் ஈக்கு எடையில்லை. கயிற்றின் எடைதான் அதனைச் சுமந்து செல்கிறது. ஆகவே கைவலிமையைவிடக் கைப்பழக்கமே வேண்டும். இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லாமையால், நாம் 'பொய்யீத் தூண்டில்' என்றே வழங்குவோம்.

இப்பொய்யீயில் நம் காடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னிந்திய மலையடிவாரங்களில் கூவித் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகுகளின் நுனியில் மெழுகுத்துளி சொட்டினாற்போல் மஞ்சளும் வெண்மையுமாக மினுங்கும் பொட்டுகள் இருக்கும். சால்மன் மீனுக்கெனக் கட்டப்படும் புகழ்பெற்ற பொய்யீக்கள் பலவற்றுக்கு இவ்விறகு இன்றியமையாதது. ஜாக் ஸ்காட் எனப் பெயர்பெற்ற பொய்யீயும் அவற்றுள் ஒன்று. ஸ்காட்லாந்தின் ஆறுகளில் பிரபுக்கள் மீன் பிடிக்க, நம் மலைகளின் சேவல்கள் கழுத்தை இழந்தன. 1960களின் பிற்பகுதியில் இந்திய அரசு இவ்விறகின் ஏற்றுமதியைத் தடை செய்தது. பின்னர் இங்கிலாந்திலேயே இக்கோழியைப் பண்ணைகளில் வளர்க்கத் தொடங்கினர்.

இங்கிலாந்தில் இக்கலை கழகங்களின் வழியாகவே வளர்ந்தது. ஹாம்ப்ஷயரில் டெஸ்ட் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1822இல் தோன்றிய ஹௌட்டன் கழகம் இவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று. ஆற்றின் ஒரு பகுதியை உரிமையாக்கிக்கொண்டு, உறுப்பினர் தொகையைக் குறுக்கி, பிடித்த மீனையும் வானிலையையும் ஏட்டில் பதிந்து வருவது அவர்கள் வழக்கம். ஆறு என்பது எல்லார்க்கும் பொது என்று வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் அந்த ஏடுகளால் ஒரு நன்மை விளைந்தது: ஓர் ஆற்றின் நலிவை முதலில் உணர்பவர் அதன் கணக்கை எழுதி வருபவரே.

இனி நீலகிரிக்கு வருவோம். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதும், அவர் முயற்சியால் உதகை ஏரி அமைந்ததும் நாமறிந்தவை. 1870 முதல் அவ்வூர் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. ஆங்கிலேயர் தம் ஊரின் ரோஜாவையும் உருளைக்கிழங்கையும் தேவாலயத்தையும் அங்கே நட்டனர். குளிரும் மழைச்சாரலும் புல்வெளியும் ஸ்காட்லாந்தை நினைவூட்டின. ஓடைகளும் அவ்வாறே தெளிந்து ஓடின. ஆனால் அவற்றில் மீன் இல்லை. உயர்ந்த அருவிகளுக்கு மேலே சிறு பொடிமீன்கள் அன்றி வேறு ஏற இயலவில்லை. அந்த ஒரு குறை அவர்களை அரை நூற்றாண்டு அலைக்கழித்தது. டில்லிக் குடியிருப்பில் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்றை வைத்து, பனிக்காலம் முழுதும் அதற்குத் துணி போர்த்திக் காக்கும் நம்மவர்க்கு இந்த ஏக்கம் விளங்காததன்று. வேற்றுமை ஒன்றே: நம் கன்று தொட்டியைத் தாண்டவில்லை.

முதல் முயற்சி 1863இல் நிகழ்ந்தது. செய்தவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையின் மருத்துவராயிருந்து, பின்னர் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர். கடல் கடந்து மீன்சினை கொண்டுவருவது எளிதன்று. ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டியின் குளிரில் வைத்தால் சினை பொரியாமல் நெடுநாள் உறங்கும் என்பது அக்காலத்தில்தான் தெளிவாயிற்று. 1864இல் நார்போக் என்னும் கப்பல் அவ்வாறே சினைகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்ல, அவை டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்தன. இந்தியாவின் நிலை வேறு. வெப்பமிக்க துறைமுகத்தில் இறக்கி, சமவெளியைக் கடந்து, மலைப்பாதையில் ஏற்றியாக வேண்டும். டேயின் முயற்சி தோற்றது. அதன்பின் நடந்தவையும் நிலைக்கவில்லை. ஏரியில் விடப்பட்ட கெண்டை இனங்கள் பிழைத்தன, டிரவுட் பிழைக்கவில்லை.

இந்நிலையில்தான் சங்கம் பிறந்தது. அதன் தோற்றத்தை 1877 என்று கூறுவர். சங்கத்தின் பொறுப்பாளராயிருந்த பித்தியன் ஆடம்ஸ், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிய வரலாறு 1879 முதல் கணக்கிடுகிறது. அவ்வாண்டில்தான் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. இதில் நம் கவனத்தைக் கவர்வது ஒன்று உண்டு. 'இத்தட்பவெப்பத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட மீன்' என்று சட்டம் பேசுகிறது; ஆனால் சங்கத்தார் விரும்பிய மீன் அந்நாளில் நீலகிரியில் நிலைகொள்ளவேயில்லை. இல்லாத மீனுக்குச் சட்டம் காத்திருந்தது!

மீன் வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. சர் பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்துறை உருவாயிற்று. அதன் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்றை அமைத்தார். 1908இல் மலை இரயிலும் உதகை வரை நீண்டது. 1909, 1910 ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருவித்த சினைகள் பிழைத்தன. குஞ்சுகள் ஓடைகளில் விடப்பட்டு இனம் பெருக்கின. ஆனால் பிழைத்தது ஆங்கிலேயர் ஏங்கிய பழுப்பு டிரவுட் அன்று, வானவில் டிரவுட். அதன் பிறப்பிடம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. பழுப்பு மீனைவிடச் சற்றே மிகுந்த வெம்மையைப் பொறுக்க வல்லது அது. தாய்நாட்டு நினைவுக்காக ஐம்பது ஆண்டு உழைத்தவர்கள் முடிவில் பெற்றது தம் தாய்நாட்டுக்கு உரியதல்லாத ஒரு மீனை.

மீன் வந்தபின் சங்க வாழ்வு முழுமை பெற்றது. வேட்டைக்கும் மீனுக்கும் தனித்தனி உரிமச் சீட்டு. அவ்வருவாயே சங்கத்தின் உயிர். சினையிடும் மாதங்களில் தூண்டில் கூடாது. குறித்த அளவுக்குச் சிறிய மீனைத் திரும்ப ஓடையில் விட வேண்டும். தொலைவான நீர்க்கரைகளில் தங்குகுடில்கள் எழுந்தன. ஊதியம் பெறாத கௌரவப் பொறுப்பாளர் ஒருவர், உள்ளூர்க் காவலர் சிலர், ஆண்டறிக்கை ஒன்று, இவ்வளவே நிருவாகம். இன்று நம் சங்கங்களில் செயலாளர் படும் பாட்டை அறிந்தோர்க்கு அந்தக் கௌரவப் பொறுப்பாளரின் நிலையும் புரியும்.

வேட்டைப் பக்கத்தில் அவர்கள் இட்ட ஒரு கட்டுப்பாடு பின்னாளில் பெரும்பயன் தந்தது. மலை முகடுகளில் வாழும் வரையாட்டை அவர்கள் 'ஐபெக்ஸ்' என்று தவறாக அழைத்தனர். நம் சங்கச் சான்றோர் வருடை என்று பாடிய விலங்கு இதுவே என்பர். முதுகில் வெண்மை படர்ந்த முதிர்ந்த கிடாய்களையன்றிப் பெட்டைகளையும் குட்டிகளையும் சுடலாகாது என்று சங்கம் விதித்தது. அதே சங்கம் செந்நாய்களைக் கொன்றவர்க்குப் பரிசும் கொடுத்தது. காப்பதற்கு உரியவை இவை, அழிப்பதற்கு உரியவை இவை என்று அவர்கள் வகுத்த பட்டியல் காட்டின் தேவையைப் பொறுத்ததன்று, விளையாட்டின் தேவையைப் பொறுத்தது. இதனை மறைத்து அவர்களைப் புகழ்வது வரலாறாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அவ்வோடைகள் உரிமையாளரற்றவை அல்ல. புல்வெளியில் எருமை மேய்த்து வாழ்ந்த தொதவர் மரபுப்படி புலால் உண்ணாதவர். மீன் அவர்களுக்கு வேண்டுவதன்று. ஆனால் நீரைப் பற்றி அவர்களுக்குத் தெளிந்த விதிகள் இருந்தன. 1906இல் தொதவரைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட ரிவர்ஸ், ஓடையின் ஒரு பகுதி புனிதமான பால்மனைக்கும் வேறொரு பகுதி வீட்டுக்கும் எனப் பிரிக்கப்பட்டிருந்ததைப் பதிந்துள்ளார். ஒன்றின் நீரை மற்றொன்றுக்கு எடுத்தல் தகாது. எழுதாத அந்தச் சட்டம் 1879ஆம் ஆண்டுச் சட்டத்தினும் மிக மூத்தது. ஒரே ஓடைக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று மட்டுமே அரசிதழில் அச்சாயிற்று.

நீலகிரியில் நடந்தது தெற்கே மூணாற்றின் உயர்மலைத் தோட்டங்களிலும் நடந்தது. அங்கும் டிரவுட் வந்தது. தூண்டிற் கழகமும் வேட்டை விலங்குக் காப்புக் கழகமும் தோன்றின. தேயிலை பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளே என்பதை நாம் நினைவுகூர வேண்டும். நெல்லை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து மலையேறிப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் லயங்களில் வாழ, துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்குச் சென்றனர். துரைமாரின் வேட்டைக்காடாயிருந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று வரையாட்டின் மிகப் பெரிய கூட்டங்களுள் ஒன்று அங்கேதான் வாழ்கிறது.

டிரவுட்டுக்குத் தீங்கு தூண்டிலால் வரவில்லை. பைக்காரா மின்திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கிற்று. 1938இல் முக்குருத்தி அணை எழுந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியுடன் அமைந்த குந்தா திட்டம் 1960களில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய நீர்த்தேக்கங்களைப் படைத்தது. தூண்டிற்காரர் பெயரிட்டுப் போற்றிய ஓடைகள் பல ஏரியின் அடியில் மறைந்தன. நம் மில்கள் ஓடவும் வயல்களில் பம்புகள் இறைக்கவும் அம்மின்சாரம் வேண்டியிருந்தது; அதைக் குறை கூற நமக்கு மனம் வராது. புல்வெளிகளின் நிலையே மிக இரங்கத்தக்கது. சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றைப் பரப்பியதால், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஆண்டு முழுதும் ஓடைக்கு ஊட்டிய புல்வெளி சுருங்கியது. டிரவுட் வெளிநாட்டு மீன் என்றால் தைலமரமும் வெளிநாட்டு மரமே. ஆயின் முன்னது ஓடையோடு நின்றது, பின்னது மலையையே மூடியது.

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் சென்றனர், சங்கம் செல்லவில்லை. பொறுப்பு இந்தியர் கைக்கு வந்தது. வழக்கறிஞரும் இயற்கை ஆர்வலருமான ஈ. ஆர். சி. தாவீதார் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். 1963இல் அவர் முகடு முகடாக ஏறி நீலகிரியின் வரையாடுகளைக் கணக்கெடுத்து, நானூறு அளவில் இருக்கலாம் என மதிப்பிட்டார். சுடுவதற்கு உரிமம் வழங்கிய சங்கமே எண்ணுவதற்கும் முன்வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டை உரிமம் பொருளற்றதாயிற்று. சங்கம் கலையாமல் பெயரை மாற்றிக்கொண்டு, வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாகப் பணியைத் தொடர்ந்தது. முக்குருத்தி 1982இல் சரணாலயம். 1986இல் நீலகிரி இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம். 1990இல் 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் முக்குருத்தி தேசியப் பூங்கா. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வரையாடுகள் 1,031.

தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கிக்கு இடமில்லை, தூண்டிலுக்கும் இல்லை. அவலாஞ்சியில் மீன்துறையின் பொரிப்பகம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. முக்குருத்தி நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள பழைய குடிலை மக்கள் இன்றும் 'பிஷிங் ஹட்' என்றே அழைக்கின்றனர். இப்போது அது வனத்துறையின் தங்குமிடம்.