வகுப்பறையும் புரட்சிச் சிந்தனையும்: சீனமும் மலாயாவும்

ஜொகூர் பாருவில் ஃபூன் இயூ சீனப்பள்ளி 1913ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்றது. சீனத்தில் மஞ்சு ஆட்சியை வீழ்த்திய 1911ஆம் ஆண்டுப் புரட்சி நிகழ்ந்து அப்போது ஈராண்டுகளே கழிந்திருந்தன. சீனரின் கல்வி வரலாறும் புரட்சி வரலாறும் இணைந்தே நடந்தன என்பதற்கு இக்கால நெருக்கம் ஒரு குறிப்பாகும். தொடக்ககாலப் புரட்சிச் சிந்தனையாளர்களைக் கல்வி எவ்வாறு உருவாக்கியது என்பதை ஈண்டு நோக்குவோம்.

மேலைக் கல்வியே புரட்சியை விதைத்தது என்பர் சிலர். இக்கூற்று முழுமையானதன்று. சென் துசியூ (1879–1942) செவ்வியல் நூல்களைக் கற்று, 1896இல் அரசுத் தேர்வின் முதற்படியில் தேறினார். மறு ஆண்டு நான்ஜிங்கில் நடைபெற்ற மாநிலத் தேர்வில் தோல்வியுற்றார். கற்றவர் நாட்டிற்குக் கடமைப்பட்டவர் என்பது கன்பூசியக் கல்வியின் அடிப்படை. 1905இல் பேரரசுத் தேர்வுமுறை ஒழிக்கப்பட்டபோது பதவிக்கான வழி அடைபட்டது. கடமையுணர்வோ எஞ்சி நின்றது. அவ்வுணர்வுக்குப் புதிய களங்களாக அமைந்தவை புதுமுறைப் பள்ளிகளேயாம்.

சாங்ஷா நகரின் முதலாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மாவோ 1918வரை பயின்றார். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் கற்றுத் திரும்பிய யாங் சாங்ஜி அவருக்கு அறவியல் கற்பித்தார். மாவோவும் அவர்தம் நண்பர்களும் 1918இல் 'புதிய மக்கள் கல்விக் கழகம்' கண்டனர். சென் துசியூ 1915இல் தொடங்கிய இளைஞர் இதழ், மாணவரிடையே புதுக்கருத்துகளைப் பரப்பிற்று. ஆக, ஆசிரியர், தோழமை, இதழ் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த இடத்தில் சிந்தனை இயக்கமாயிற்று என்பது நம் துணிபு.

இதன் அலை மலாயாவையும் எட்டியது. 1919ஆம் ஆண்டு மே நான்கு இயக்கத்தையொட்டி, அவ்வாண்டு ஜூன் திங்களில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஜப்பானிய எதிர்ப்புக் கலவரங்கள் மூண்டன. சீன ஆசிரியர்களின் பங்கை உணர்ந்த ஆங்கில ஆட்சி, 1920இல் பள்ளிப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. பாடநூலைவிட ஆசிரியரையே அது அஞ்சியது போலும்.

நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை வேறு. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1919இலேயே சீன உயர்நிலைப்பள்ளி எழுந்தது. தமிழ்வழிக் கல்வியோ தொடக்கநிலையோடு நின்றது. சிந்திக்கத் தொடங்கும் பருவத்தில் பிள்ளைகள் பால்மரக் காட்டிற்குச் சென்றனர். இவ்விடைவெளியைப் பள்ளிக்கு வெளியே நிரப்ப முயன்றவை 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் ஆகும். சீன மாணவர் பள்ளியில் பெற்றதைத் தமிழ்த் தொழிலாளர் சங்கத்திலும் இதழிலும் தேடிக்கொண்டனர்.

எனவே, தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைக் கட்டடம், மாணவர் தொகை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றால் மட்டும் எழுதுதல் போதாது. அங்கு எத்தகைய வினாக்களை எழுப்ப மாணவர்க்கு இடமிருந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களாகிய நமக்கும் அவ்வினா உரியதே.