என்செலடஸ்

என்செலடஸ் சனிக் கோளின் துணைக்கோள்களுள் ஒன்று. குறுக்களவு சுமார் 504 கி.மீ.; நம் நிலவில் ஏழில் ஒரு பங்கு. சனியை 33 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவிடுகிறது. வில்லியம் ஹெர்ஷல் 1789 ஆகஸ்ட் 28 அன்று இதைக் கண்டறிந்தார். கிரேக்கப் புராண அரக்கன் ஒருவனின் பெயரை இதற்குச் சூட்டியவர் அவர் மகன் ஜான் ஹெர்ஷல்.

1981-இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களில் இதன் தரை புதுப்பனிபோல் வெளுத்திருந்தது. பல பகுதிகளில் விண்கல் மோதிய குழிகள் மிகக் குறைவு. பழைய தழும்புகளை ஏதோ ஒன்று அழித்துக்கொண்டிருக்க வேண்டும். அது என்ன என்பதற்கான முதல் துப்பைத் தந்தது ஒளிப்படக் கருவி அன்று, காந்தமானி. 2005 தொடக்கத்தில் காசினி விண்கலம் அருகே சென்றபோது, சனியின் காந்தப்புலம் இந்தச் சிறு பனிக்கோளத்தைச் சுற்றி வளைந்து செல்வதை அது பதிவுசெய்தது. காந்தமானிக் குழுவின் தலைவர் மிஷெல் டௌஹர்ட்டி, இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். அவ்வாறே ஜூலையில் காசினி சுமார் 170 கி.மீ. உயரத்தில் பறந்தது. தென்துருவத்தில் இணையாக ஓடும் நான்கு வெடிப்புகள் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருந்தன. 'புலி வரிகள்' எனப்படும் இவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குள் பீறிடுகின்றன. சனியின் ஈ வளையம் இந்தத் துகள்களால் ஆனதே.

வெப்பம் சனியின் ஈர்ப்பிலிருந்து பிறக்கிறது. டயோனி என்ற துணைக்கோள் ஒருமுறை சுற்றும் நேரத்தில் என்செலடஸ் இருமுறை சுற்றுகிறது; இந்த ஒத்திசைவால் அதன் பாதை நீள்வட்டமாகவே நீடிக்கிறது. சனியை நெருங்கியும் விலகியும் செல்வதால் அதன் உட்பகுதி ஓயாமல் பிசையப்பட்டுச் சூடாகிறது. பனி ஓட்டின் கீழே, கோளம் முழுவதையும் சூழ்ந்து ஓர் உப்புக்கடல் இருப்பது 2015-இல் உறுதியாயிற்று. பீறிட்டு வந்த நுண்ணிய சிலிக்கா துகள்களும் ஹைட்ரஜனும், கடலடிப் பாறையில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன என்பதற்கு வலுவான சான்றுகள். பூமியின் ஆழ்கடலில் இத்தகைய ஊற்றுகளை அண்டி, வெயிலே படாமல் உயிர்கள் வாழ்கின்றன.

அதனால்தான் எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்த காசினியை அப்படியே விட்டுவிட விஞ்ஞானிகள் துணியவில்லை. பூமியின் நுண்ணுயிர்களோடு அது இந்தக் கடலில் விழுந்துவிடக் கூடாது என்று, 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் செலுத்தி எரித்தனர். அது விட்டுச்சென்ற தரவுகளை ஆராய்ந்தபோது, ஈ வளையத் துகள்களில் பாஸ்பேட் இருப்பது 2023-இல் தெரியவந்தது. உயிருக்குத் தேவையான தனிமங்களுள் அதுவரை அங்கே காணப்படாதிருந்த பாஸ்பரஸ் அப்போதுதான் கிடைத்தது.