தொட்டிலில் எத்தனை, பதிவேட்டில் எத்தனை?

சேலம் என்றதும் மாம்பழமும் இரும்பாலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1990களில் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு: பெண் சிசுக்கொலை. 1986ல் உசிலம்பட்டி பற்றிய செய்தி வெளியானபோது, இது மதுரைப் பக்கத்து விவகாரம் என்று பலரும் நினைத்தார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த நினைப்பைக் கலைத்தது. சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தனர். (நாமக்கல்லும் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. 1997 ஜனவரி 1 முதல்தான் தனி மாவட்டம்.)

1992ல் முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கினார். கொல்ல வேண்டாம், வளர்க்க முடியாவிட்டால் இங்கே விட்டுவிடுங்கள், பெயர்கூடச் சொல்ல வேண்டாம் என்பதுதான் அதன் சாரம்.

சரி, இந்தத் திட்டம் வெற்றியா தோல்வியா என்று எப்படிப் பார்ப்பது? தொட்டிலுக்கு வந்த குழந்தைகளை எண்ணுவது சுலபம். ஆனால் வந்தது சாவிலிருந்து தப்பிய குழந்தையா, அல்லது தொட்டில் இருக்கும் தைரியத்தில் விடப்பட்ட குழந்தையா என்று அந்த எண் சொல்லாது. தொட்டில் காலியாக இருந்தாலும் இதே குழப்பம்தான். கொலை நின்றுவிட்டது என்றும் சொல்லலாம், தொட்டிலை யாரும் நம்பவில்லை என்றும் சொல்லலாம்.

உருப்படியான அளவுகோல் வேறொரு இடத்தில் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில்! கிராம சுகாதார செவிலியர்கள் ஒவ்வொரு பிறப்பையும் சிசு மரணத்தையும் எழுதி வந்தார்கள். சில மரணங்களுக்கு எதிரே காரணம் என்ற இடத்தில் 'சமூகக் காரணம்' என்று இருக்கும். கொலை என்று எழுதினால் காவல் நிலையம் வரை போக வேண்டும், பொய்யும் எழுத மனமில்லை. அதற்கு நடுவில் பிறந்த சொல் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெ.ப. ஆத்ரேயாவும் இந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து 1997ல் கட்டுரை வெளியிட்டார்கள். தமிழகத்தில் ஆண்டுக்குச் சுமார் 3000 பெண் சிசுக்கொலைகள் நடக்கின்றன என்பது அதில் தெரிந்த கணக்கு. மதுரைப் பக்கம் தொடங்கி சேலம் வழியாகத் தருமபுரி வரை அந்தப் பகுதி நீண்டிருந்தது.

செவிலியர் காரணத்தை மறைத்து எழுதினாலும் உண்மை தப்பாது. இயற்கையில், பிறந்த முதல் சில நாட்களில் இறப்பது ஆண் குழந்தைகளே அதிகம். ஓர் ஊரில் முதல் வாரத்தில் பெண் குழந்தைகள் அதிகமாக இறந்தால், அங்கே ஏதோ நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆபத்து எந்த வீட்டில் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. முதல் பெண்ணை வளர்த்துவிடுவார்கள், இரண்டாவது மூன்றாவது பெண்ணுக்குத்தான் கண்டம். ஆகவே ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள கர்ப்பிணிகளைக் கண்டறிந்து கவனித்தாலே பல உயிர்களைக் காக்கலாம்.

ஆனால் இந்தப் பதிவேட்டுக்கும் ஓர் ஓட்டை இருந்தது. ஸ்கேன் மையங்கள் பெருகின. பிறக்கவே விடாமல் அழித்துவிட்டால் சிசு மரணப் பதிவில் அது வராது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996ல்தான் அமலுக்கு வந்தது. எனவே சிசு மரணம் குறைகிறது என்று மகிழும் முன், பிறக்கும் குழந்தைகளில் பெண்கள் எத்தனை என்றும் பார்த்தாக வேண்டும்.

2001 கணக்கெடுப்பில் சேலத்தின் எண் 851. தொட்டில் வைத்து ஒன்பது ஆண்டுகள் கழித்து இரண்டே இரண்டு கூடியிருந்தது! அந்த ஆண்டே திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2011ல்தான் சேலத்தின் எண் 910ஐத் தாண்டியது. அதற்கான பாராட்டில் பெரும் பங்கைத் தொட்டிலுக்குக் கொடுப்பதைவிட, வீடு வீடாக நடந்த செவிலியர்களுக்குக் கொடுக்கவே எனக்கு விருப்பம்.